ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு தனிமை



"கொஞ்சம் நிம்மதியா உட்காரணும்னா கொடைக்கானலுக்குத்தான் போகணும்" என்று நம் மதுரைக்காரர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். லீவு போட வேண்டும், ரூம் பிடிக்க வேண்டும். போனால் ஏரிக்கரை முழுக்கக் கூட்டம். நான் கேட்கிறேன், அமைதி அவ்வளவு தூரத்திலா இருக்கிறது?

மதுரைக்குப் பக்கத்திலேயே மாங்குளம் மலையில் ஏறிப் பாருங்கள். குகைத்தளத்தில் பாறையிலேயே செதுக்கிய படுக்கைகள். தலை வைக்கும் பக்கம் சற்றே மேடு. மழைத்தண்ணீர் உள்ளே வழியாதபடி மேலே பாறையின் நெற்றியில் காடி வெட்டியிருக்கிறார்கள். 2,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே தங்கியவர்கள் சமணத் துறவிகள். எல்லாவற்றையும் துறந்தவர்கள், காட்டுக்குள் எவ்வளவு தூரமும் போயிருக்கலாம். போகவில்லையே! பிச்சைக்கு ஊருக்குள் இறங்கிவரும் தொலைவில்தான் இடம் பார்த்தார்கள்.

அந்தப் படுக்கைகளை வெட்டிக் கொடுத்தது யார்? அங்குள்ள கல்வெட்டுகளே சொல்கின்றன: பாண்டியன் நெடுஞ்செழியனின் பணியாள் ஒருவர், வெள்ளறை வணிகக் குழுவினர். நாளெல்லாம் பேரமும் கணக்குமாக அலைந்தவர்கள், இன்னொருவர் சும்மா உட்கார்ந்திருக்கக் காசு செலவழித்திருக்கிறார்கள். தண்ணீர்ப்பந்தல் வைப்பதுபோல அமைதிக்கும் அறம் செய்த ஊர் ஐயா இது!

இந்த மலையை ஒட்டிய மீனாட்சிபுரம் பகுதியும் அரிட்டாபட்டியும் சேர்ந்துதான் 2022-ல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாயின. 2024-ல் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு அந்த வட்டாரம் ஏலம் போனபோது மேலூரே திரண்டு நின்றது. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. மலையைக் காப்பாற்றிவிட்டோம். அங்கே போய் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டால், எதைக் காப்பாற்றினோம்?

மலைக்குப் போக நேரமில்லையா? வேலை விட்டு வரும் வழியில் கண்மாய்க் கரையில் வண்டியை நிறுத்துங்கள். போனை அணைத்து வையுங்கள். முதலில் கடன், பிள்ளைக்குப் பீஸ், மேனேஜர் என்று மனசு சுற்றும். சுற்றட்டும். அப்புறம் ஒரு முக்குளிப்பான் தண்ணீருக்குள் மூழ்குவது கண்ணில் படும். எங்கே எழும் என்று தேடுவீர்கள். நீங்கள் பார்க்காத பக்கத்தில் எழும், மறுபடி மூழ்கும். அந்தத் தேடலில் மேனேஜர் காணாமல் போயிருப்பார்.

தலைவர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். நம் மன்றத்தின் அடுத்த கூட்டத்தைக் கீழக்குயில்குடி சமணர் மலையடிவாரத்தில், தாமரைக்குளத்துப் பக்கம் வைத்துக்கொள்வோம். மைக் வேண்டாம். முதல் அரை மணி நேரம் யாரும் பேச வேண்டாம், நான் உட்பட. சம்மதம் என்றால் இந்த மேடையிலேயே தேதியை அறிவித்துவிடுங்கள்.