படம் பார்த்த பின் ஒரு பேச்சு



சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த மலேசியத் தமிழ்ப் படம் 'ஜகாட்'. 2016இல், 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்னும் விருதைப் பெற்றது. ஆயினும் ஜாசின் வட்டாரத்தில் இருவகைக் கருத்தைக் கேட்டோம். "நம் குறையை நாமே ஊரறியக் காட்டலாமா?" என்றார் சிலர். "நடந்ததைத்தானே காட்டினார்கள்" என்றார் வேறு சிலர்.

கதை 1990களில் நடப்பது. தோட்டத்தை விட்டு வெளியேறிப் புறம்போக்கில் வாழும் குடும்பம். 12 வயது மகன் அப்போய் படித்து முன்னேற வேண்டுமென்று தந்தை அடிக்கிறார். மகனோ குண்டர் கும்பலில் உள்ள சிற்றப்பாவை வீரனாகக் காண்கிறான்.

கெட்டது என்று பொருள்படும் 'ஜஹாட்' என்ற மலாய்ச் சொல்தான் நம்மவர் வாயில் 'ஜகாட்' ஆயிற்று. பிள்ளை பிறக்கும்போதே ஜகாட்டா? அந்தத் தந்தைக்குப் பாசம் இல்லாமல் இல்லை. அடியைத் தவிர அதைக் காட்டும் வழி தெரியவில்லை. வகுப்பில் பிரம்பெடுத்த ஆசிரியர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு.

ஆகவே பெற்றோர்களே, படம் நன்றா தீதா என்பதோடு நின்றுவிட வேண்டாம். வளர்ந்த பிள்ளைகளோடு சேர்ந்து பாருங்கள். "அப்போய் ஏன் அப்படிப் போனான்?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை பொறுத்திருங்கள், குறுக்கே பேசாதீர்கள். அந்தப் பதிலில் நம் வீட்டுச் செய்தியும் இருக்கக்கூடும்.