தன் கையே தனக்குதவி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இயலும் இசையும் நாடகமும் சிறக்கும் இம்மேடையில் அடுப்பங்கரையையும் கூரையோரத்தையும் பற்றிப் பேச முன்வந்துள்ளோம். சிறிய பொருள் என்று எவரும் எண்ண வேண்டா. கடல் கடந்து வந்து குடியேறிய நமக்கு இல்லம் நடத்தும் திறமே முதற் செல்வம்.

நாம் வாழும் கராச்சர்மாவுக்கும் சென்னைக்கும் இடையே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல் விரிந்து கிடக்கிறது. கப்பல் வந்து சேர ஏறக்குறைய மூன்று நாள் ஆகின்றது. நம் உளுந்தும் துவரையும் புளியும் மிளகாயும் அக்கடலைக் கடந்தே வருகின்றன. கடல் கொந்தளித்தால் கப்பல் தாமதிக்கும். கப்பல் தாமதித்தால் கடையில் விலை ஏறும். காற்றையும் கடலையும் ஆள நம்மால் இயலாது. நம் வீட்டை ஆள இயலும்.

இத்தீவின் ஆண்டு இரு கூறுடையது. மே முதல் டிசம்பர் வரை மழை. ஜனவரி முதல் ஏப்ரல் வரை வெயில். ஆகவே நம் இல்லறத்திற்கு வேண்டிய விதியும் ஒன்றே. மழையில் நீரைச் சேர்க்க வேண்டும். வெயிலில் உணவைச் சேர்க்க வேண்டும். இவ்விரண்டையும் நம் கைகளாலேயே செய்துகொள்ளலாம்.

முதலில் நீரைக் காண்போம். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பொழியும் நாட்டில், கோடையில் குழாயடியில் குடத்தோடு காத்து நிற்கிறோம். இது வியப்பன்றோ! ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் கிடைக்கும். 50 சதுர மீட்டர் தகரக் கூரையின்மேல் ஓராண்டில் விழும் நீர் 1,50,000 லிட்டர். சிதறுவதும் வழிவதும் போக ஐந்தில் நான்கு பங்கு தேறினும் 1,20,000 லிட்டர் ஆகும். நால்வர் உள்ள குடும்பத்தில் பருகவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 20 லிட்டர் எனக் கொண்டால், வெயிற்காலத்தின் 120 நாளுக்கு வேண்டுவது 2,400 லிட்டரே. கூரையில் வழிந்தோடுவதில் ஐம்பதில் ஒரு பங்கு!

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டுவதில்லை. பி.வி.சி. குழாயை நெடுக இரண்டாகப் பிளந்து, இரும்புப் பட்டைகளால் இறவாரத்தில் தாங்கச் செய்யலாம். மீட்டர் ஒன்றுக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவு இருந்தால் நீர் தேங்காது ஓடும். கூரையிலுள்ள தூசியும் சருகும் பறவை எச்சமும் நீங்குமாறு, மழையின் முதற் பத்து நிமிட நீரை வெளியே விட்டுவிட வேண்டும். பின்னர்த் தூய பருத்தித் துணியை இரண்டாக மடித்து வடிகட்டித் தொட்டிக்குள் செலுத்தலாம். பருகும் நீரைக் காய்ச்சியே பருக வேண்டும்.

இங்கு மூன்று எச்சரிக்கைகள் உண்டு. தொட்டியின் வாயையும் மிகைநீர்க் குழாயின் வாயையும் நுண்வலையால் மூடாவிடில், பத்து நாளைக்குள் கொசுக்கள் பெருகிவிடும். டெங்குக் காய்ச்சலை நாமே வளர்த்தவர்கள் ஆவோம். இரண்டாவதாக, 2,400 லிட்டர் நீரின் எடை 2,400 கிலோ. 2004 டிசம்பர் 26ஆம் நாளின் நில நடுக்கத்தைக் கண்ட மண் இது. ஆதலின் அப்பெருந்தொட்டியை மாடியில் ஏற்றாது, தரையில் உறுதியான மேடையின்மீது அமைத்தலே நன்று. மூன்றாவதாக, நனைந்த கூரைமேல் எவரும் ஏறலாகாது. கூரை வேலையை ஏப்ரலுக்குள் முடித்துவிட வேண்டும்.

அடுத்து உணவு. வடகமும் வற்றலும் அப்பளமும் இடுவதற்குரிய காலம் ஜனவரி முதல் ஏப்ரல் வரையே. நம் பாட்டியர் பங்குனி வெயிலை வீணாக்கியதில்லை. பருப்பு வகைகளை வெயிலில் காயவைத்து, நன்றாக ஆறிய பின்னரே காற்றுப் புகாத டப்பாவில் அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளிருக்கும் ஆவி நீராகிப் பூஞ்சையை வளர்க்கும். ரவையை வறுத்து வைத்தால் வண்டு எளிதில் அணுகாது. ஒன்றை மட்டும் தாய்மார்கள் மறவாதிருக்க வேண்டுகிறோம். பூஞ்சை பிடித்த நிலக்கடலையைக் கழுவினாலும் வறுத்தாலும் அதன் நஞ்சு முற்றும் நீங்குவதில்லை. காசு போயிற்றே என்று இரங்காது எறிந்துவிடுதலே அறிவுடைமை.

கப்பலை நம்பாத உணவும் நம் முற்றத்தில் உண்டு. பசலைக்கொடியை வேலியில் படரவிட்டால் பருப்புக்கூட்டுக்கு நாள்தோறும் கீரை. நம் அண்டை வீட்டு வங்காளத் தாய்மார்கள் இதனை மீனோடும் பூசணியோடும் சேர்த்துச் சமைப்பதை நாமும் கற்றுக்கொள்ளலாம். ஊரிலிருந்து கொணர்ந்த கொத்தமல்லி விதை இம்மழையில் அழுகுகிறதே என்று பலர் வருந்துகின்றனர். இங்கே பர்மாக் கொத்தமல்லி என வழங்கும் நீண்ட முள்விளிம்பு இலை நிழலிலும் ஈரத்திலும் செழிக்கும். பூந்தண்டைக் கிள்ளிவிட்டால் இலை மிகும். கொதித்தாலும் மணம் குன்றாது; ஆதலின் ரசத்திற்கு ஏற்றது.

அதில் ஒரு துவையல் சொல்கிறோம். உளுத்தம்பருப்பு இரண்டு தேக்கரண்டியும் மிளகாய் வற்றல் நான்கும் சிறிது எண்ணெயில் சிவக்க வறுக்கவும். பத்து இலைகளை நறுக்கி அதே சூட்டில் வதக்கவும். அரைமூடித் தேங்காய்த் துருவல், கொட்டைப்பாக்களவு புளி, உப்பு ஆகியவற்றோடு கெட்டியாக அரைக்கவும். நால்வர்க்குப் போதும். தேங்காய் இத்தீவில் விளைவது; இலை நம் முற்றத்தது. பருப்பும் மிளகாயும் புளியும் கடல் கடந்து வந்தவை.

இத்தீவுகளின் கீரைகளையும் காய்களையும் ஆராய்வோர் தொலைவில் இல்லை. 1978இல் நிறுவப்பெற்று, இன்று மத்தியத் தீவு வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் என விளங்கும் நிலையம் நம் கராச்சர்மாவிலேயே உள்ளது. அங்குள்ளோரிடம் கேட்டறியக் கூசுதல் வேண்டா.

இறுதியாக ஒன்று. அடுப்பு பெண்டிர்க்கு, ஏணி ஆடவர்க்கு என்னும் பிரிவினை இக்காலத்திற்குப் பொருந்தாது. தந்தை பணிமேல் வெளித்தீவு சென்றிருக்கும் நாளில் தாய்க்கு வடிகுழாயைச் செப்பனிடத் தெரிய வேண்டும். தாய் நோயுற்ற நாளில் மகனுக்கு ரசம் வைக்கத் தெரிய வேண்டும். மின்கம்பி வேலையை மட்டும் அத்தொழில் கற்றோரிடமே விடுக. ஏனையவற்றை நம் சிறுவர் நம் அருகில் நின்று பழகட்டும். தமிழ்நாட்டைக் கண்டறியாத நம் பிள்ளைகட்குப் பாட்டியின் வடகமும் துவையலும் தமிழோடு சேர்ந்த உரிமைச் சொத்தாகும். நாம் கைவிட்டால் அதனை எக்கப்பலும் கொண்டுவந்து தராது.

அடுத்த மே மாதத்திற்குள் ஒவ்வோர் இல்லத்திலும் ஒரு வடிகுழாய், ஒரு மூடிய தொட்டி, ஒரு பசலைக்கொடி. இம்மூன்றையும் அமைக்க உறுதி பூணுவோமாக! கருவி இல்லாதவர்க்கு இருப்பவர் தருக; அறிந்தவர் அறியாதவர்க்குச் சொல்லுக. சங்கம் என்பதன் பொருளும் அதுவே.

வாழ்க தமிழ்! வளர்க நம் இல்லங்கள்!