பொறியியல் மாணவர்க்குக் கலை எதற்கு?



பொறியியல் பயில்வோர்க்கு ஓவியமும் வடிவமைப்பும் எதற்கு என வினவுவோர் உளர். கலைகளை அறுபத்து நான்கு என எண்ணிய நம் மரபு, இசை, ஓவியம் ஆகியவற்றோடு தச்சுத் தொழிலையும் கட்டடக் கலையையும் ஒரே வரிசையில் வைத்தது. அவற்றைப் பிரித்தவை பிற்காலப் பாடத்திட்டங்களே.

சிங்கப்பூரின் பழைய வீவக அடுக்ககங்கள் பலவற்றில் மின்தூக்கி சில தளங்களில் மட்டுமே நின்றது. இளங்குடும்பங்கள் குடியேறிய காலத்தில், செலவைச் சிக்கனப்படுத்திய அக்கணக்கு பிழையன்று. அவர்கள் முதுமையுற்றபோதோ படிக்கட்டே தடையாயிற்று. தளந்தோறும் மின்தூக்கி நிற்பதற்கென 2001இல் தனித் திட்டமே தொடங்க வேண்டியதாயிற்று.

கொடுத்த வினாவுக்கு விடை காணக் கணிதம் போதும். எவரும் கேளாத வினாவைக் காண்பதற்கு மனிதரை உற்றுநோக்கும் பயிற்சி வேண்டும். ஆகவே, மின்தூக்கியை வடிவமைக்கும் முன், மாணவர் ஒரு மணி நேரம் படிக்கட்டருகே அமர்ந்து, ஏறுவோரை வரைந்து பார்க்கட்டும். கைப்பிடியைப் பற்றும் விரல்களும், இடையில் நின்று மூச்சு வாங்கும் முதியவரும் அப்போதுதான் கண்ணில் படுவர்.

2012இல் முதல் மாணவர்களை ஏற்ற சிங்கப்பூர்த் தொழில்நுட்ப, வடிவமைப்புப் பல்கலைக்கழகம் பெயரிலேயே இரண்டையும் இணைத்துள்ளது. அவ்விணைப்பு நம் பள்ளிகளிலேயே தொடங்கட்டும். தேர்வு நெருங்கும்போது ஓவிய வகுப்பைக் கணித வகுப்புக்கு ஈயாதீர்கள் என்பதே ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள்.