பல்சா இறக்கைக்குப் பலம் எங்கே வேண்டும்?



பல்சா மரத்தில் மாதிரி விமானம் கட்டும் பிள்ளைகளும் பெற்றோரும் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: இறக்கை முறியாமல் இருக்க என்ன செய்யலாம்? இன்னும் கொஞ்சம் மரம், இன்னும் கொஞ்சம் பசை என்று பலர் தாங்களே பதிலும் சொல்லிவிடுவார்கள். ஆனால் பாரம் கூடிய விமானம் வேகமாகப் பறந்தால்தான் காற்றில் நிற்கும். தரையிறங்குவதும் வேகமாகத்தான். யார்மீதாவது விழுந்தால் அடியும் பலமாக இருக்கும். எனவே எவ்வளவு மரம் என்பதை விட்டு, எந்த இடத்தில் மரம் என்பதைப் பற்றிப் பேசுகிறேன்.

பல்சா பெரும்பாலும் எக்குவடோர் நாட்டிலிருந்து வருகிறது. இலேசான மரம் என்பதால் அதைக் குறைவாக எடைபோட வேண்டாம். 1940 நவம்பரில் முதன்முதலாகப் பறந்த பிரித்தானியாவின் மொஸ்கிற்றோ போர்விமானத்தின் உடல், மெல்லிய பிளைவூட் தகடுகளுக்கு நடுவே பல்சாவை வைத்துச் செய்யப்பட்டதுதான். பல்சா நாரின் நீளவாக்கில் நன்றாகத் தாங்கும். நாரோடு எளிதில் பிளந்துவிடும். இந்த இரண்டையும் நினைவில் வைத்தால் பாதி வேலை முடிந்தது.

பறக்கும்போது காற்று இறக்கையை மேல்நோக்கி வளைக்கிறது. அதன் மேற்பக்கம் நெருக்கப்படுகிறது, கீழ்ப்பக்கம் இழுபடுகிறது. அதனால்தான் ஸ்பார் எனப்படும் நீளச் சட்டத்தை மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக வைக்கிறோம். ஒரு சட்டத்தின் உயரத்தை இரு மடங்காக்கினால் அதன் விறைப்பு எட்டு மடங்காகும். ஆகவே இரண்டு ஸ்பார்களும் எவ்வளவு விலகி நிற்கின்றனவோ அவ்வளவு நல்லது. அவற்றுக்குக் கடினமான பல்சாவைத் தேர்ந்தெடுங்கள். மென்மையானதை இறக்கை நுனிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இரண்டு ஸ்பார்களும் தனித்தனியே நின்றால் பயனில்லை. ரிப்களுக்கு இடையிலுள்ள ஒவ்வொரு கட்டத்திலும், மேல் ஸ்பாரையும் கீழ் ஸ்பாரையும் சேர்த்து மெல்லிய பல்சாத் தகடு ஒட்டுங்கள். தகட்டின் நார் மேலும் கீழுமாக நிற்கவேண்டும். இது இல்லாவிட்டால் மேல் ஸ்பார் நெளிந்து முறியும். சில கிராம் எடைக்குக் கிடைக்கும் மிகப் பெரிய பலம் இதுதான் என்பேன்.

அடுத்தது முறுக்கம். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து ஸ்பார் வரை மேலும் கீழும் மெல்லிய பல்சாத் தகட்டால் மூடினால், அந்தப் பகுதி ஒரு குழாய்போல் ஆகி முறுக்கத்தைத் தாங்கும். மேலே ஒட்டும் மெல்லிய தாளும் உதவும். பட்டம் கட்டியவர்களுக்குத் தெரியும், தாள் இழுபட்டு நின்றால் சட்டமும் விறைத்து நிற்கும்.

மூன்றாவது, நடு இணைப்பு. வளைக்கும் விசை அங்கேதான் உச்சம். இரு ஸ்பார்களையும் பிளைவூட் துண்டால் இணைத்து எபொக்சிப் பசையால் ஒட்டுங்கள். துண்டின் முனைகளைச் சரிவாக வெட்டவேண்டும். சட்டென்று முடியும் துண்டுக்கு அப்பால்தான் இறக்கை முறியும். நடுப்பகுதியைச் சுற்றி மெல்லிய கண்ணாடியிழைத் துணி ஒட்டலாம். ஸ்பாரின்மேல் கார்பன் ஃபைபர் பட்டி ஒட்டுவோர், அதை வெட்டும்போதும் தேய்க்கும்போதும் முகமூடி அணியுங்கள். பிள்ளைகளிடம் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

ஒரு கிலோ விமானம் 60 பாகை சரிந்து, உயரம் குறையாமல் திரும்பினால், இறக்கை இரண்டு கிலோவைத் தாங்கவேண்டும். இதை வீட்டிலேயே சோதிக்கலாம். பற்றரி உட்பட எல்லாவற்றையும் பூட்டிய விமானத்தை, மெத்தைக்கு மேலே, இரு இறக்கை நுனிகளிலும் பிடித்து மெதுவாகத் தூக்குங்கள். அப்போது நடுவில் ஏறும் வளைவு, நேராகப் பறக்கும்போது ஏறுவதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. முறியும் சத்தம் கேட்டால் மெத்தையின் மேலேயே கேட்கட்டும். மைதானத்தில் பிள்ளைகளின் தலைக்கு மேலே கேட்க வேண்டாம்.