இளையோர் உடற்பயிற்சியில் இசையின் பங்கு

(கல்வி, நலவாழ்வுத் துறைகளின் அலுவலர்களும் கல்லூரி மாணவர்களும் கூடிய அவையில் நிகழ்த்தப்பட்ட உரையின் சுருக்கம்)

ஒரு நாட்டின் செல்வங்களுள் தலையாயது அதன் இளைய தலைமுறையின் உடல்நலமாகும். நெடுங்காலம் உணவுப் பற்றாக்குறையோடு போராடி வந்த பாரதத்தில், அக்குறை முற்றும் நீங்குமுன்னரே அதற்கு நேர்மாறான மற்றொரு குறையும் தலைதூக்கியுள்ளது. 2016-18-இல் நடைபெற்ற தேசிய ஊட்டச்சத்து ஆய்வின்படி, 10 முதல் 19 வயது வரையுள்ளோரில் 24 சதவீதத்தினர் மெலிந்தவர்கள். 5 சதவீதத்தினர் மிகை எடை உடையவர்கள். 5 முதல் 19 வயதினருள் பருமனுற்றோர் தொகை 1990-இல் ஏறத்தாழ 4 லட்சம். 2022-இல் அது 1.25 கோடி என 2024-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு மதிப்பிட்டுள்ளது.

உணவுமுறை மாற்றம் இதற்கு ஒரு காரணம். உடலுழைப்புக் குறைந்தமை மற்றொன்று. வளரிளம் பருவத்தினர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்கள் மிதமான அல்லது கடுமையான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 2016-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, உலகில் 11 முதல் 17 வயதினருள் 81 சதவீதத்தினர் இவ்வளவினை எட்டவில்லை.

உடற்பயிற்சி வேளையில் மர நிழலில் ஒதுங்கி நிற்கும் பருமனான மாணவனைச் சோம்பேறி எனக் கருதுவது எளிது. ஆனால் அது சரியன்று. ஒரே தொலைவை ஒரே வேகத்தில் கடக்க, அவனது உடல் கூடுதலான எடையைச் சுமந்தாக வேண்டும். மூச்சு விரைவில் வாங்குகிறது; உடல் விரைவில் வெப்பமடைகிறது; மூட்டுகள் வலிக்கின்றன. இவற்றோடு சகமாணவர்களின் ஏளனமும் சேருமாயின், மறுநாள் தலைவலி எனக் கூறி அவன் விலகி நிற்பதில் வியப்பில்லை.

இசை துணை செய்வது எவ்வாறு?

இசைக்கும் உழைப்புக்கும் உள்ள தொடர்பு புதியதன்று. ஏற்றம் இறைப்போரும் நாற்று நடுவோரும் அறிந்த உண்மை அது. 1911-இல் லெனார்டு அயர்ஸ் என்ற அமெரிக்கர், நியூயார்க்கில் நடந்த ஆறு நாள் மிதிவண்டிப் பந்தயத்தை ஆராய்ந்து, வாத்தியக் குழு இசைத்த வேளைகளில் வீரர்களின் வேகம் கூடியிருந்தது எனப் பதிவு செய்தார். பின்வந்த ஆய்வுகள் இதன் காரணத்தை விளக்கின. சோர்வை அறிவிக்கும் உடலின் குறிப்புகளும் செவிவழி வரும் இசையும் மனத்தின் கவனத்திற்காகப் போட்டியிடுகின்றன. இசை கவனத்தை ஈர்க்கும்போது, அதே உழைப்பு இலேசாகத் தோன்றுகிறது, மனமும் மகிழ்கிறது. தாளத்திற்கேற்ப அடியெடுத்து வைக்கையில் இயக்கமும் சீர்ப்படுகிறது. நிமிடத்திற்கு 120 முதல் 140 வரை தட்டுகள் கொண்ட இசை பெரும்பாலான பயிற்சிகளுக்கு ஏற்றது எனக் கண்டுள்ளனர்.

ஆயினும் இதற்கு ஓர் எல்லை உண்டு. உழைப்பு கடுமையாகும்போது உடலின் முறையீடே ஓங்கி ஒலிக்கும். இசை களைப்பை மறைக்க இயலாது. பிறருக்கு மிதமானதாயிருக்கும் மெல்லோட்டமே மிகை எடையுடைய மாணவனுக்குக் கடும் பயிற்சியாகிவிடும். எனவே அவனுக்கு இவ்வெல்லை முன்னதாகவே வந்துவிடுகிறது. வகுப்பு முழுவதையும் ஒரே பாட்டிற்கு ஓடவிட்டால், எவனுக்காக இசை ஒலிக்கிறதோ அவனே முதலில் பின்தங்குவான். அவனுக்கு ஏற்றவை விரைவு நடையும் தாள அசைவுகளுமே. பயிற்சியின்போது பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியாதிருக்க வேண்டும் என்பது மிதமான அளவை அறிய உதவும் எளிய சோதனை.

லேஜிம் காட்டும் வழி

இதற்கு வெளிநாட்டு முறைகளைத் தேட வேண்டியதில்லை. மகாராஷ்டிர மாநிலப் பள்ளிகளில் நெடுங்காலமாகப் பயிற்றுவிக்கப்படும் லேஜிம் சிறந்த எடுத்துக்காட்டாகும். மரக்கோலில் சங்கிலியும் உலோகத் தகடுகளும் கோத்த எளிய கருவி அது. முரசின் தாளத்திற்கேற்பக் கோலை ஒலித்தவாறு மாணவர்கள் குனிந்தும், நிமிர்ந்தும், அமர்ந்தெழுந்தும், அடி பெயர்த்தும் ஆடுகின்றனர். இதில் முந்துவோரும் இல்லை, பிந்துவோரும் இல்லை. பருமனான மாணவனின் ஒலியும் வரிசையின் ஒலியோடு கலந்துவிடுகிறது. பஞ்சாபின் பாங்ரா, குஜராத்தின் கர்பா, தமிழகத்தின் கோலாட்டம், கும்மி ஆகியவற்றுக்கும் இப்பண்பு உண்டு. திறந்த மைதானத்தில் ஓடத் தயங்கும் மாணவியரும் இவற்றில் தயக்கமின்றிக் கலந்துகொள்வர். செலவோ மிகக் குறைவு.

நிர்வாகம் கருத வேண்டியவை

9 முதல் 12 வரையுள்ள வகுப்புகளில் நாள்தோறும் ஒரு பாடவேளையை உடற்கல்விக்கு ஒதுக்குமாறு மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2018-இல் பணித்தது. தேர்வு நெருங்குகையில் இவ்வேளை பிற பாடங்களுக்குப் பறிபோகாதிருக்கத் தலைமையாசிரியர்கள் உறுதி கொள்ளுதல் வேண்டும். ஒலிபெருக்கி பயன்படுத்தும் இடங்களில் ஓசையின் அளவிலும் கவனம் தேவை. கருவிகளின் வழி இசை கேட்கும் சிறுவர்களுக்கு, வாரத்திற்கு 40 மணி நேரம் என்ற கணக்கில் 75 டெசிபலே பாதுகாப்பான அளவென உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது.

யாவற்றினும் முக்கியமானது, பலனை எதைக் கொண்டு அளப்பது என்பதாகும். 70 கிலோ எடையுள்ள ஓர் இளைஞர் அரை மணி நேரம் விரைந்து நடந்தால் செலவாவது ஏறத்தாழ 140 கலோரியே. உணவில் சீர்திருத்தம் இன்றி, பயிற்சியால் மட்டும் எடை விரைவில் குறைந்துவிடாது. இசையால் மட்டும் ஒருபோதும் குறையாது. ஆனால் எடை மாறாதபோதும் இதயமும் நுரையீரலும் வலுவடைகின்றன. ஆகவே மாதந்தோறும் மாணவனை எடைக்கருவியில் நிறுத்தி வெட்கமுறச் செய்வதை விடுத்து, அவன் எத்தனை நாட்கள் பயிற்சிக்கு வந்தான், எத்தனை நிமிடங்கள் நிலைத்திருந்தான் எனக் கணக்கிடுதலே முறையாகும்.

களைப்பைச் சிறிது மறக்கச் செய்வதும் மறுநாளும் வரத் தூண்டுவதுமே இசையின் பணி. மர நிழலில் ஒதுங்கி நிற்கும் மாணவன் வரிசைக்கு வந்து சேர்வானாயின், அதுவே இத்திட்டத்தின் முதல் வெற்றியாகும்.