வரிசை தவறிய பட்டம்



வயது வந்தோருக்கான பல்கலைக்கழகக் கல்வி பற்றிப் பேசுமாறு சங்கத்தார் பணித்துள்ளனர். பட்டப் படிப்பு என்றவுடன் பதினேழு வயதுப் பிள்ளைகளையே நாம் நினைக்கிறோம். அந்த வயதில் செங்கற்சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் சென்றுவிட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்! அவர்களை முன்னிறுத்தியே இன்று பேச விழைகிறோம்.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1873-ஆம் ஆண்டிலேயே வெளியூர்களில் பொதுமக்களுக்கு விரிவுரைகள் நடத்தத் தொடங்கிற்று. நம் நாட்டில் தில்லிப் பல்கலைக்கழகம் 1962-இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-இல் தோன்றியது. இவற்றினும் நமக்கு நெருக்கமான முன்மாதிரி ஒன்று உண்டு. அண்ணல் அம்பேத்கர் 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, அடுத்த ஆண்டே பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தார். வேலைக்குச் செல்வோரும் பயிலும்பொருட்டு அங்கே காலை வேளையில் வகுப்புகள் நடந்தன. பிழைப்பை விட்டுவிட்டு வா என்று அக்கல்லூரி கூறவில்லை.

இனி, நம் இளைஞர்கள் அடிபட்ட இடத்துக்கு வருவோம். பள்ளிப் படிப்பை முடிக்காதவரும் நேரே பட்டப் படிப்பில் சேரலாம் என்னும் வாய்ப்பைத் திறந்தநிலைக் கல்வி வழங்கியது. நல்ல வாய்ப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் பத்தாம் வகுப்பு, மேனிலைக் கல்வி, பட்டம் என்னும் வரிசையில் பெறாத பட்டம் அரசுப் பணிக்கு ஏற்புடையதன்று என்று தமிழக அரசு 2009-இல் ஆணையிட்டது. அவ்வாண்டே உச்ச நீதிமன்றமும், அடிப்படைப் பட்டமின்றித் திறந்தநிலை முறையில் பெற்ற முதுகலைப் பட்டத்தை ஏற்க மறுத்தது.

சான்றொப்பம் வேண்டி நம்மிடம் வந்த ஓர் இளைஞர் இத்தகையவர். கட்டட வேலை செய்துகொண்டே பட்டம் பெற்றவர். சான்றிதழ் சரிபார்ப்பில் திருப்பி அனுப்பப்பட்டார். "ஐயா, பெரிய படிப்பு இருக்கிறது, சின்னப் படிப்பு இல்லை என்கிறார்கள்" என்றார். வரிசை மாறினால் அறிவு குறைந்துவிடுமா? குறையாது என்பதே நம் கருத்து. விதியை மாற்றுமாறு கேட்பது நியாயமே, கேட்கவும் வேண்டும். ஆனால் விதி மாறும்வரை நம் பிள்ளைகளின் வயது நிற்காது.

ஆகவே முதலில் பள்ளித் தேர்வுகளை முடியுங்கள். பத்தாம் வகுப்பையும் மேனிலைத் தேர்வையும் தனித்தேர்வர்களாக எழுத வழி இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தனித்தேர்வர் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்னதாகவே பதிவு செய்தாக வேண்டும். இதை அறியாமல் ஓராண்டை வீணாக்குவோர் உண்டு. பின்னர்ப் பட்டப் படிப்பில் சேரும்போது, அப்படிப்புக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஒப்புதல் அந்த ஆண்டுக்கு உள்ளதா என்று பாருங்கள். சுவரொட்டியை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

அஞ்சலில் புத்தகம் வந்துவிடும். ஐயம் கேட்க ஆள் வராது. கணக்கிலும் ஆங்கிலத்திலும்தான் நம்மவர் பலர் படிப்பை நிறுத்துகின்றனர். சங்கக் கூடத்தில் மாலையில் பிள்ளைகளுக்கு வகுப்பு நடக்கிறது. இரவு எட்டு மணிக்குமேல் கூடம் பூட்டிக் கிடக்கிறது. அந்த நேரத்தைப் பெரியவர்களுக்குத் தாருங்கள் என்பதே நமது வேண்டுகோள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நம்மிடையே இருக்கின்றனர், கேட்டால் மறுக்கமாட்டார்கள். தாய்மார்களுக்கு இரவு வர இயலாதென்றால் ஞாயிறு பிற்பகல் ஒதுக்கலாம். கைக்குழந்தையோடு வந்தாலும் குறையில்லை.

கூடத்தின் சாவி யாரிடம் இருப்பது என்பதை இன்று மாலைப் பொதுக்குழுவில் முடிவு செய்தால் ஜூன் மாதமே தொடங்கிவிடலாம். பெயர் எழுதும் ஏடு வாயிலருகே மேசைமேல் இருக்கிறது.