கரந்துவரல் எழினி: நடிகர் பூர்ணம் விசுவநாதன்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கவிஞர்கள் கூடும் அவையில் நடிகரைப் பற்றியா பேசப் போகிறீர்கள் என்று அழைப்பிதழைக் கண்ட நண்பர் ஒருவர் வினவினார். தமிழை மூன்றாகப் பகுத்துவிட்டு, மூன்றாவதைத் திண்ணையிலேயே உட்கார வைத்தவர்கள் நாம். பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளில் நாடகம் பெரும்பாலும் ஒரு தாளின் ஓர் அலகு. அதுவும் தேர்வுக்கு முந்திய வாரத்தில் அவசரமாக நடத்தி முடிக்கப்படுவது. அந்தக் குற்றத்தில் என் போன்ற ஆசிரியர்களுக்கும் பங்குண்டு. ஆகவே இன்று நாடகத்தைச் சற்று உள்ளே அழைக்க விரும்புகிறேன்.

பூர்ணம் விசுவநாதன் 1921ஆம் ஆண்டு பிறந்தார். 2008 அக்டோபர் 1ஆம் நாள் மறைந்தார். எழுத்தும் மொழியும் புழங்கிய குடும்பம் அவருடையது. உடன்பிறந்தாருள் ஒருவரே 'முள்ளும் மலரும்' புதினத்தை எழுதிய உமாசந்திரன். இன்னொருவர் ருசிய இலக்கியங்களைத் தமிழுக்குக் கொணர்ந்த பூ. சோமசுந்தரம். ஒருவர் எழுதினார், ஒருவர் பெயர்த்தார், ஒருவர் பேசினார்.

பேசுவதே அவர் தொழிலாயிற்று. தில்லியில் அகில இந்திய வானொலியின் தமிழ்ச் செய்தி வாசிப்பாளராகப் பணியாற்றினார். 1947 ஆகஸ்ட் 15ஆம் நாள் நாடு விடுதலை பெற்ற செய்தியைத் தமிழில் வாசித்த குரல் அவருடையது. செய்தி வாசிப்பவருக்கு விதிக்கப்பட்ட ஒழுக்கத்தை எண்ணிப் பாருங்கள். உள்ளே எவ்வளவு பொங்கினாலும் சொல் சிதறக் கூடாது. மகிழ்ச்சியைக் கேட்பவர்தாம் அடைய வேண்டுமே அல்லாமல் வாசிப்பவர் முந்திக்கொள்ளல் ஆகாது. பிற்காலத்தில் அவர் நடிப்பில் நாம் கண்ட அடக்கத்திற்கு இதுவே பயிற்சிக்களம் என்பது என் துணிபு.

சிலப்பதிகார அரங்கேற்று காதை மூவகைத் திரைகளைக் கூறுகிறது: ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி. இம்மூன்றனுள் கடைசியின் பெயரை வானொலிக்கே சூட்டலாம் என்று தோன்றுகிறது. ஆள் மறைந்திருக்க, குரல் மட்டும் வருகிறது. நம் மலையில் இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. பனிமூட்டம் இறங்கிவிட்டால் எதிரில் வருபவரை முகத்தால் அறிவதில்லை, குரலால்தான் அறிகிறோம்.

பூர்ணத்தின் மேடை வரலாற்றை நோக்குமுன் ஒன்றைத் தெளிவு செய்தல் வேண்டும். தமிழ் நாடகத்திற்கு இரு மரபுகள் உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் வழியில் வந்த பாய்ஸ் கம்பெனி மரபு ஒன்று. அங்கே நடிகன் சிறு வயதிலேயே வீட்டைத் துறந்து மேடைக்குத் தன்னை ஒப்படைத்தவன். மற்றது, வழக்கறிஞரும் நீதிபதியுமாகிய பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சுகுண விலாச சபையின் வாயிலாகத் தொடங்கி வைத்தது. பகலில் அலுவல், மாலையில் அரிதாரம். பூர்ணம் இரண்டாம் மரபினர். வானொலிப் பணிக்குப் பின் நடுவண் அரசின் 'திட்டம்' இதழிலும் பணியாற்றிக்கொண்டே நாடகமும் ஆடினார். இவ்வவையில் மின்வாரிய ஊழியர் இருக்கிறீர்கள், தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதுவோர் இருக்கிறீர்கள், பள்ளி ஆசிரியர் இருக்கிறீர்கள். ஊதியத்திற்கு ஒன்றும் உயிருக்கு ஒன்றுமாக இரு வேலை செய்பவரின் களைப்பை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

சென்னை சபா நாடகங்களைத் துணுக்குத் தோரணம் என்று ஒதுக்குவது திறனாய்வாளர் வழக்கம். பல நாடகங்களுக்கு அது பொருந்தவும் செய்யும். ஆயின் அதே சபாக்களில், அதே நாற்காலிகளில் அமர்ந்திருந்த அதே கூட்டத்திற்கு முன்னர்தான் பூர்ணம், எழுத்தாளர் சுஜாதாவின் நாடகங்களைத் தம் குழுவின் மூலம் அரங்கேற்றினார். 'கடவுள் வந்திருந்தார்', 'அடிமைகள்', 'ஊஞ்சல்', 'டாக்டர் நரேந்திரனின் வினோத வழக்கு' ஆகியவை இவ்வாறு மேடை கண்டவை. சுஜாதாவின் புனைகதைகளுக்கு எழுதப்பட்ட ஆய்வேடுகள் பல; அவர் நாடகங்களுக்கு வாய்த்த கவனம் சிறிது. நாடகத்தைப் படித்தவரினும் பார்த்தவரே மிகுதி, பார்த்தவரோ ஆய்வேடு எழுதுவதில்லை.

'கடவுள் வந்திருந்தார்' நாடகத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். பணி ஓய்வு பெற்ற சீனிவாசனிடம் எதிர்காலத்திலிருந்து ஜோ என்றொருவன் வந்து சேர்கிறான். அவன் சீனிவாசனின் கண்ணுக்கு மட்டுமே தெரிபவன். வீட்டார் முதலில் பைத்தியம் என்கின்றனர். பின்னர் அதே பைத்தியத்தைத் தெய்வமாக்கிக் கும்பிடுகின்றனர். இவ்வேடத்தில் நடிகனுக்குள்ள இடர்ப்பாட்டை நோக்குங்கள். ஒரே நேரத்தில் இருவரோடு பேச வேண்டும்: தன்னை நம்பும் ஒருவனோடும், நம்பாத வீட்டாரோடும். இரண்டு பேச்சுக்கும் குரல் வேறு, பார்வை வேறு. கரணம் தப்பினால் கோமாளித்தனம். பூர்ணத்தின் சீனிவாசன் சிரிப்பு மூட்டினார். தாம் சிரிப்புக்கு இடமாகிறோம் என்று அறியாத மனிதராகவே இறுதிவரை நின்றார். நகையும் அழுகையும் ஒரே வாக்கியத்தில் தங்கும் இவ்விடத்தை மெய்ப்பாட்டியல் நடத்தும்போது வகுப்பில் எடுத்துக்காட்டாகச் சொல்லி வருகிறேன்.

'ஊஞ்சல்' இதற்கு நேர்மாறான கனம் உடையது. காலம் தம்மைக் கடந்து சென்றுவிட்டதை ஏற்க மறுக்கும் பழைய பொறியாளர் ஒருவரின் கதை அது. ஓய்வு பெற்ற தந்தையர் இருக்கும் எந்த வீட்டிலும் அந்த ஊஞ்சல் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது.

தொலைக்காட்சி அவரை வீட்டிற்குள் கொண்டுவந்தது. சென்னைத் தூர்தர்சன் நிலையம் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. சபா நாடகக் கலைஞர் பலருக்கும் அது இரண்டாவது மேடையாயிற்று. நான் எமரால்டில் வளர்ந்த சிறுமிப் பருவத்தில், கூரைமேல் ஒருவர் ஆன்டெனாவைத் திருப்ப, கீழே நின்று "வந்திருச்சு, போயிருச்சு" என்று கூவுவது வழக்கம். படம் புள்ளிகளாய்ச் சிதறிய மாலைகளிலும் பூர்ணத்தின் குரல் மட்டும் தெளிவாக வந்து சேரும். சற்றே நடுக்கம், சற்றே இழுப்பு, ஆயினும் ஓர் எழுத்தும் விழுங்கப்படாத உச்சரிப்பு. றகரமும் ரகரமும் அங்கே வேறு வேறாக ஒலித்தன. இலக்கணம் எனக்குக் காதின் வழியாகத்தான் முதலில் வந்தது.

திரைப்படங்களைப் பற்றி மிகுதியாகச் சொல்லப் போவதில்லை. அவற்றை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அறுபதை நெருங்கிய வயதில்தான் திரை அவரைப் பரவலாக அழைத்தது. 'வறுமையின் நிறம் சிவப்பு' படத்தின் இசைவாணத் தந்தை, 'வருஷம் பதினாறு' படத்தின் தாத்தா, 'மகாநதி'யில் சிறையில் வாடும் பஞ்சாபகேசன் என அந்த வரிசை நீளும். 1982இல் வெளிவந்த பாலு மகேந்திராவின் 'மூன்றாம் பிறை' நம் மலையிலேயே எடுக்கப்பட்டது. கேத்தி ரயில் நிலையத்தைக் கடக்கும்போதெல்லாம் அதன் இறுதிக் காட்சியை நினைவுகூர்கிறோம். அந்தப் படத்தின் பள்ளித் தலைமையாசிரியர் பூர்ணம் என்பதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்?

ஆனால் ஒரு படத்தைச் சொல்லாமல் விட இயலாது. 1990இல் வசந்த் இயக்கிய 'கேளடி கண்மணி'யில், கதைத்தலைவியின் பெற்றோர் செவிப்புலனும் பேச்சும் அற்றவர்கள். தாயாக ஸ்ரீவித்யா, தந்தையாகப் பூர்ணம். ஒரு தேசத்தின் விடுதலையை அறிவித்த குரலுக்கு அங்கே வேலையே இல்லை. கையும் கண்ணும் மட்டும். மகள் தங்களை விட்டுப் போய்விடுவாளோ என்ற தன்னல அச்சத்தையும், அந்தத் தன்னலத்தைத் தாமே உணரும் வெட்கத்தையும் முகத்தில் கொணர்ந்தார். குரலால் வாழ்ந்தவர் குரலைக் கழற்றி வைத்தபின் எஞ்சியது எதுவோ அதையே நடிப்பு என்கிறேன். சொற்களை அடுக்கும் கவிஞர்கள் அந்தப் படத்தை மற்றொரு முறை பார்க்கலாம்.

அவருக்காக நாடகம் எழுதிய சுஜாதா 2008 பிப்ரவரியில் மறைந்தார். அதே ஆண்டின் அக்டோபரில் பூர்ணமும் சென்றார். நாடகங்கள் அச்சில் கிடைக்கின்றன. மேடையில் நிகழ்ந்தது மேடையோடு போயிற்று. ஒரு மாலையில் ஒரு சொல்லுக்கு முன் அவர் எவ்வளவு நேரம் நிறுத்தினார் என்பதை எந்தப் புத்தகமும் குறித்து வைப்பதில்லை. நம் வட்டத்திலும் பத்தாண்டுகளாகக் கவிதைகளை அச்சிட்டு வந்திருக்கிறோம். உரக்க வாசித்தது எத்தனை முறை?

இக்கேள்வியை நம் செயலரிடம் முன்னரே வைத்தேன். தேநீர் இடைவேளைக்குப்பின் உறுப்பினர் சிலர் 'கடவுள் வந்திருந்தார்' நாடகத்தின் சில காட்சிகளை வாசிக்க இசைந்துள்ளனர். சீனிவாசனுக்கு ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் கிடைத்துவிட்டார். ஜோவாக வாசிக்க இன்னும் ஒருவர் தேவை. இளைஞராக இருத்தல் நன்று. றகர ரகர வேறுபாடு கட்டாயம்.